அடுக்களைச் சொல்லும் அரசாங்கச் சொல்லும்

மொழிபெயர்ப்பு என்றவுடன் காவியங்களும், தத்துவ நூல்களும், சட்டப் புத்தகங்களுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய நூல்களைப் பெயர்ப்பது அரிய செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றைப் படிப்பவர் அமைதியாக அமர்ந்து படிக்கிறார். விளங்காத இடத்தை மீண்டும் ஒருமுறை பார்க்கிறார். வேண்டுமாயின் அகராதியைப் புரட்டுகிறார். தெருவோரத்தில் நிற்கும் அறிவிப்புப் பலகைக்கும், மருந்துப் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டுக்கும், தபால் நிலையத்தில் நிரப்பித் தரவேண்டிய படிவத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு கணம் பார்ப்பவருக்கு அது உடனே விளங்கியாக வேண்டும். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர் இதனை நாள்தோறும் உணர்கிறோம். முப்பது பக்க அறிக்கை தராத தொல்லையை மூன்று சொற்கள் கொண்ட ஒரு பலகை தந்துவிடும்.

அன்றாடச் சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் பணி ஒரு சமுதாயத்தின் வாழ்வையே எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதற்குச் சரித்திரத்தில் நல்ல சான்று ஒன்று உண்டு. வட அமெரிக்காவில், கனடா நாட்டில், பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் ஆங்கிலச் சொற்களோடு இரண்டரை நூற்றாண்டுக் காலம் நடத்திய வாழ்க்கையே அச்சான்று. பிரெஞ்சு மொழி உலகின் பெருமொழிகளுள் ஒன்று. அதற்குப் பேரகராதிகள் உண்டு. 1635-இல் தோன்றிய புகழ்பெற்ற கழகம் உண்டு. இவ்வளவும் இருந்தும், கனடாவில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுத் தொழிலாளிக்குத் தன் கையிலிருந்த கருவியின் பெயர் தன் தாய்மொழியில் தெரியாத காலம் ஒன்று வந்தது. அது எவ்வாறு வந்தது, எவ்வாறு மாறிற்று என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

1608-ஆம் ஆண்டில் சம்ப்ளேன் என்பவர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கியூபெக் நகரை நிறுவினார். பிரான்ஸின் மேற்குப் பகுதிகளிலிருந்தும் நார்மண்டியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பலர். கடலைக் கடந்து வந்து ஆற்றங்கரையில் வாழ்ந்த அவர்களுடைய பேச்சில் கப்பற் சொற்கள் மிகுதியாகக் கலந்தன. இன்றும் கியூபெக் மக்கள் மோட்டார் வண்டியில் ஏறுவதைக் கப்பலேறுதல் என்ற சொல்லாலேயே குறிப்பர். பிரான்ஸில் இல்லாத கடுங்குளிரும் பனியும் அவர்களுக்குப் புதிய அனுபவங்கள். காற்று வீசும்போது தரையில் கிடக்கும் பனி மாவுபோல் எழுந்து கண்ணை மறைக்கும் நிலையை அவர்கள் 'பூத்ரரி' என்றனர். தூள் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அமைத்துக்கொண்ட பெயர் இது. எந்தப் புலவரும் அதனை இயற்றவில்லை. எந்த இலாகாவும் அதற்கு ஆணை பிறப்பிக்கவில்லை. இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. பின்னர் இதனை மீண்டும் சந்திப்போம்.

1759-இல் கியூபெக் நகரும், அடுத்த ஆண்டில் மாண்ட்ரியல் நகரும் ஆங்கிலேயர் வசமாயின. 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை அந்நாட்டைப் பிரிட்டனுக்கே உரிமையாக்கிற்று. அவ்வுடன்படிக்கையோடு நமக்கும் தொடர்பு உண்டு. 1761-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தர வகை செய்ததும் அதுவே. ஒரே ஏட்டில் இட்ட கையொப்பம் காவிரி நாட்டுக்கு அருகில் பிரெஞ்சு ஆட்சியை மீட்டுத் தந்தது. செயின்ட் லாரன்ஸ் கரையில் ஏறத்தாழ எழுபதாயிரம் பிரெஞ்சு மக்களை ஆங்கில ஆட்சியின் கீழ் நிறுத்திற்று.

ஆள்வோர் மொழி ஆங்கிலம். ஆளப்படுவோர் மொழி பிரெஞ்சு. ஆகவே ஆட்சி நடைபெற வேண்டுமாயின் மொழிபெயர்ப்பாளர் இன்றியமையாதவர் ஆனார். 1764 ஜூன் மாதத்தில் தொடங்கிய 'கியூபெக் கெஜட்' பத்திரிகை இரு மொழிகளிலும் அச்சாயிற்று. 1768-இல் ஆளுநர் கார்ல்டன், பிரான்ஸ்வா-ழோசப் கூன்யே என்னும் சட்ட அறிஞரை அரசாங்கத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் செயலாளராகவும் நியமித்தார். அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். அரசாங்க ஊதியம் பெற்று ஆங்கிலத்தைப் பிரெஞ்சில் பெயர்த்த நீண்ட பரம்பரைக்கு அவரை முன்னோடியாகக் கொள்ளலாம். 1867-இல் கனடா ஒரு கூட்டாட்சியாக அமைந்தபோது, நாடாளுமன்றத்தின் சட்டங்களும் நடவடிக்கைக் குறிப்புகளும் இரு மொழிகளிலும் இருத்தல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 133-ஆம் பிரிவு விதித்தது. அதன்பின் தலைநகரான ஒட்டாவாவில் மொழிபெயர்ப்பாளர் கூட்டம் பெருகிற்று. கனடாவின் முதல் சமூகவியல் அறிஞர்களுள் ஒருவராகப் போற்றப்படும் லியோன் ழெரேன் அக்கூட்டத்தில் ஒருவராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவரே.

மேற்போக்காகப் பார்க்கும்போது இஃது ஒரு நல்ல ஏற்பாடாகவே தோன்றும். ஆயினும் அதனுள் ஒரு குறை மறைந்திருந்தது. அரசாங்கத்தின் சிந்தனை முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெற்றது. பிரெஞ்சு எப்போதும் இரண்டாவதாகவே பிறந்தது. மூலத்தை எழுதியவர் வேறு அறையில் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் இருந்தார். சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டால் குற்றம் சாட்டுவார் எவரும் இல்லை. இவ்வாறு, எழுத்துக்கள் எல்லாம் பிரெஞ்சாகவும் அவற்றின் உள்ளே ஓடும் மூச்சு ஆங்கிலமாகவும் அமைந்த ஒரு நடை அரசாங்கத் தாள்களில் பரவிற்று.

இதற்கிடையே வாழ்க்கையிலும் பெரிய மாறுதல் ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் வந்தன. நிலம் போதாமற்போன உழவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆலை முதலாளியும் மேற்பார்வையாளரும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர். இயந்திரம் ஆங்கிலப் பெயருடன் வந்தது. அதன் உறுப்புக்களும் ஆங்கிலப் பெயருடனேயே வந்தன. மோட்டார் வண்டி தோன்றிய பிறகு இந்நிலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியின்மேல் விழும் மழைநீரைத் துடைக்கும் கருவிக்குப் பிரான்ஸில் 'கண்ணாடி துடைப்பான்' என்னும் பொருள்படும் பெயர் உண்டு. மோதலைத் தாங்கும் முன்கட்டைக்கு 'மோதல் தடுப்பான்' என்னும் பொருள்படும் பெயர் உண்டு. கியூபெக்கின் பட்டறையில் வேலை செய்தவருக்கோ அவை 'வைப்பர்', 'பம்பர்' என்றே தெரியும். அதனை அவருடைய அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. அப்பெயர்களைப் பிரெஞ்சில் உச்சரிக்கும் வாய்ப்பே அவருக்கு ஒருநாளும் நேரவில்லை.

அறிஞர்கள் இதனைக் கண்டு கவலையுற்றனர். 1879-இல் ழூல்-போல் தார்திவெல் என்னும் பத்திரிகையாளர், ஆங்கிலத் தொடரமைப்பே பிரெஞ்சின் பகைவன் என்று ஒரு சொற்பொழிவில் முழங்கினார். அடுத்த ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. அவர் சுட்டிய ஆபத்து நுட்பமானது. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தாண்டால் அது விருந்தாளி என்று எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுச் சொற்களை ஆங்கில முறையில் கோத்தால் அது வீட்டுப்பிள்ளை போலவே நடமாடும். 1902-இல் கனடாவின் பிரெஞ்சுப் பேச்சை ஆராய ஒரு சங்கம் தோன்றிற்று. ஊர் ஊராகச் சொற்களைத் திரட்டி, 1930-இல் அது ஒரு பெரிய சொற்களஞ்சியத்தை வெளியிட்டது.

வீட்டுப்பிள்ளை போல் நடமாடிய தொடர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுக்கள் காட்டலாம். ஒருவர் நன்றி கூறினால், 'பரவாயில்லை, இதில் என்ன இருக்கிறது' என்னும் கருத்துப்பட மறுமொழி கூறுவது பிரான்ஸின் வழக்கம். கியூபெக் மக்களோ 'நல்வரவு' என்று பொருள்படும் சொல்லையே மறுமொழியாகக் கூறுவர். ஆங்கிலேயர் நன்றிக்கு மறுமொழியாக 'வெல்கம்' என்பதன் நேர் பெயர்ப்பு இது. உலாவச் செல்வதைக் குறிக்க, 'ஒரு நடையை எடுத்துக்கொள்வது' என்ற தொடரும் அங்கே வழங்குகிறது. அதுவும் ஆங்கில வாய்பாட்டில் வார்த்ததே. பாரிஸ் நகரத்தார் இவற்றைக் கேட்டுப் புன்னகைப்பர். ஆனால் நாள்பட வழங்கிய காரணத்தால் கியூபெக் மக்களுக்கு அவை தாய் சொல்லித் தந்த சொற்களாகிவிட்டன. அவற்றைப் பிழை என்று மட்டும் கூறிவிடுவது எளிது. அவற்றைச் சொல்லும்போது அவர்கள் நெஞ்சில் எழும் கனிவை எந்த இலக்கண நூலும் அளந்து காட்டாது.

ஒட்டாவாவில் மொழிபெயர்ப்புப் பணி ஒழுங்குபெற்றது 1934-இல்தான். அதுவரை இலாகாதோறும் சிதறிக் கிடந்த மொழிபெயர்ப்பாளர்களை ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவர அவ்வாண்டில் சட்டம் இயற்றப்பட்டது. பியேர் தாவியோ என்னும் மொழிபெயர்ப்பாளர், தம் தொழிலில் எதிர்ப்பட்ட தொடர்களுக்குத் தக்க பிரெஞ்சு வழக்கை ஆராய்ந்து 1931-இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். 1936-இல் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் பாடத்தை நடத்தத் தொடங்கியவரும் அவரே. மக்கள் கையில் புழங்கும் பொருள்களிலும் பிரெஞ்சு மெல்ல மெல்ல இடம்பெற்றது. 1927-இல் தபால்தலையில் இரு மொழிகளும் தோன்றின. 1937-இல் பணநோட்டில் தோன்றின. மத்திய அரசாங்கத்தின் காசோலைகளில் நாடு முழுவதற்கும் தோன்றியது 1962-இல். கூட்டாட்சி பிறந்து காசோலை இருமொழி பேசுவதற்கு 95 ஆண்டுகள் சென்றன!

1958-ஆம் ஆண்டில் இத்துறையில் ஒரு சிறந்த நூல் வெளிவந்தது. ழான்-போல் வினே, ழான் தார்பெல்னே என்னும் இரு பேராசிரியர்கள் பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளின் நடையையும் ஒப்பிட்டு அதனை எழுதினர். நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியல் செல்லும் நெடுஞ்சாலையின் அறிவிப்புப் பலகைகளை ஆராய்வதிலிருந்தே அந்நூல் தொடங்குகிறது. எல்லையைக் கடந்ததும் பலகைகள் பிரெஞ்சு பேசத் தொடங்குகின்றன. ஆனால் அந்தப் பிரெஞ்சு காதுக்குப் புதிராக இருக்கிறது.

வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஆங்கிலப் பலகையில் 'ஸ்லோ' என்ற ஒரே சொல் இருக்கும். கியூபெக் பலகையில் அதற்கு நேராக 'லாந்த்மான்' என்றிருந்தது. அகராதியின்படி அதில் பிழையில்லை. அதன் பொருள் 'மெதுவாக' என்பதே. ஆனால் பிரான்ஸின் சாலையில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'ராலாந்தீர்'. அது வேகத்தைக் குறைத்தலைக் குறிக்கும் வினைச்சொல். அதுபோலவே, ஈரமானால் வழுக்கும் என்பதற்குரிய ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒரு பலகை நின்றது. அவ்விடத்தில் பிரான்ஸில் 'வழுக்கும் சாலை' என்று பொருள்படும் இரண்டே சொற்கள் போதும்.

இவ்விரு பேராசிரியர்களும் உணர்த்திய உண்மை எம் தொழிலுக்கு ஓர் அடிப்படை விதியாகும். 'இச்சொல்லுக்கு நேரான சொல் யாது?' என்று கேட்பது போதாது. 'இதே இடத்தில், இதே நிலையில், இம்மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் என்ன சொல்லுவார்?' என்று கேட்க வேண்டும். முதற் கேள்விக்கு அகராதி விடை தரும். இரண்டாம் கேள்விக்கு மக்களின் வாய்தான் விடை தர முடியும். அந்த மக்களே வேறொரு மொழியில் வேலை செய்துகொண்டிருந்தால் என் செய்வது? கியூபெக்கின் துன்பம் இங்கேதான் இருந்தது.

அத்துன்பத்தின் மற்றொரு பக்கத்தை, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 1840-க்கும் 1930-க்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர் எல்லையைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். லோவெல், மான்செஸ்டர் முதலிய நகரங்களின் நெசவாலைகளில் அவர்கள் வேலைக்கு அமர்ந்தனர். தமக்கெனக் கோயில்கள் கட்டினர்; பிரெஞ்சுப் பள்ளிகள் அமைத்தனர்; பத்திரிகைகள் நடத்தினர். மொழிப்பற்றில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் அவர்கள் வழிவந்தோரில் பெரும்பாலோர் ஆங்கிலம் மட்டுமே பேசுவோர் ஆயினர். ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜாக் கெருவாக் 1922-இல் அந்த லோவெல் நகரில் பிறந்தவர். இல்லத்தில் அவர் பேசிய முதல் மொழி பிரெஞ்சு. ஆங்கிலம் பின்னர்க் கற்றது. அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவையே. கோயிலும் பள்ளியும் மொழிக்கு இடம் தந்தன. ஆலையும் கடைத்தெருவும் தரவில்லை. நாளில் பெரும்பகுதியை எந்த மொழியில் கழிக்கிறோமோ, அந்த மொழி மெல்ல நம் வீட்டுக்குள்ளும் வந்து அமர்ந்துகொள்கிறது.

கியூபெக்கிலேயே நிலைமை வேறாக இருந்ததா? 1963-இல் கனடா அரசாங்கம் இருமொழி நிலையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 1961-ஆம் ஆண்டின் கணக்குகளை அவ்வாணையம் ஆராய்ந்தபோது, கியூபெக்கில் வாழ்ந்த 14 இனத்தவருள் வருவாயில் பிரெஞ்சு வழியினர் 12-ஆம் இடத்தில் இருப்பது தெரியவந்தது. மாநிலத்தின் பெரும்பான்மையோர் அவர்கள். எனினும் மேல்நிலை அலுவல்களின் மொழி அவர்களுடையதன்று. கருவிக்குப் பெயர் தெரியாமையும் வருவாய்க் குறைவும் ஒரே நோயின் இரு குறிகள் என்பது அப்போது பலருக்கும் விளங்கிற்று.

இதற்குள் 1961-இல் கியூபெக் அரசாங்கம் பிரெஞ்சு மொழி அலுவலகம் ஒன்றைத் தோற்றுவித்திருந்தது. நம் நாட்டில் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அமைந்ததும் அதே 1961-இல்தான். கியூபெக் அலுவலகம் தொழில்தோறும் சொற்பட்டியல்களை ஆக்கிற்று. மோட்டார்ப் பட்டறைக்கும் உணவுக் கடைக்கும் உரிய சொற்களைத் தேடித் தொகுத்தது. ஆனால் பட்டியல் மட்டும் அச்சாகிப் பயனென்ன? மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் ஏவும்போது தொழிலாளி பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க இயலாது.

1977 ஆகஸ்டு மாதத்தில் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனம் இந்நிலையை மாற்றிற்று. அதனைக் கொணர்ந்த அமைச்சர் கமீய் லோரேன் மனநோய் மருத்துவர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் மொழியைப் பற்றித் தாமே நாணும் மக்களின் மனத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும். அச்சாசனம் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தம் வேலையைப் பிரெஞ்சில் செய்யும் உரிமையை அளித்தது. ஐம்பது பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் அலுவல்களைப் பிரெஞ்சில் நடத்துவதாகச் சான்றிதழ் பெற வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகே பட்டியலில் உறங்கிய சொற்கள் எழுந்து பட்டறைக்குச் சென்றன. கையேடும் பிரெஞ்சில், கட்டளையும் பிரெஞ்சில், விலைச்சீட்டும் பிரெஞ்சில் என்றாகும்போது, 'கண்ணாடி துடைப்பான்' என்ற சொல் எவரும் வற்புறுத்தாமலே வாயில் வந்து சேர்ந்தது. இச்சட்டத்தால் ஆங்கிலம் பேசுவோருக்கு மனக்குறைகள் உண்டாயின. நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. சில பிரிவுகள் செல்லா எனத் தீர்ப்பாயின. 2022-இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டபோது அப்பூசல் மீண்டும் எழுந்தது. ஒருவர் உரிமை எங்கே முடிகிறது, மற்றவர் உரிமை எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி அங்கே இன்றும் ஓயவில்லை.

அரசாங்கம் படைத்த சொற்கள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. சில வென்றன, சில தோற்றன. அவற்றின் வரலாறு சுவையானது. மின்னஞ்சலுக்குக் கியூபெக்கில் 'கூரியேல்' என்ற சொல் பரவிற்று. அஞ்சல் என்ற சொல்லையும் மின் என்ற சொல்லையும் சுருக்கி இணைத்தது அது. சொல் சிறியது, பொருள் தெளிவு, நாவுக்கும் எளிது. 2003-இல் பிரான்ஸ் அரசாங்கமே அதனைத் தன் அலுவல் மொழியில் ஏற்றுக்கொண்டது. மொழிக்குத் தாயகமான நாடு, தொலைவில் வாழும் பிள்ளைகளிடமிருந்து ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டது! வார இறுதிக்குப் பாரிஸ் நகரத்தார் தயக்கமின்றி 'வீக்-எண்டு' என்பர். கியூபெக் மக்களோ 'வாரத்தின் முடிவு' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரையே வழங்குவர். சாலைச் சந்திப்புகளில் பிரான்ஸில் 'ஸ்டாப்' என்ற பலகையே நிற்கிறது. கியூபெக்கில் 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல்லே பெரிதும் காணப்படுகிறது.

தோற்ற சொற்களுள் உணவுப் பெயர்கள் மிகுதி. ஹாம்பர்கர் என்னும் பண்டத்துக்கு 'ஹாம்பூர்ழுவா' என்று பெயரிட்டுப் பார்த்தனர். மக்கள் அதனைச் சுவைக்க மறுத்தனர். 2013-இல் மாண்ட்ரியலின் இத்தாலிய உணவகம் ஒன்றில், உணவுப் பட்டியலிலிருந்த 'பாஸ்தா' என்ற சொல் பிரெஞ்சன்று என்று மொழி அலுவலகத்தின் அதிகாரிகள் குறை கூறினர். நாடு நகைத்தது, பிற நாட்டுப் பத்திரிகைகளும் நகைத்தன, அலுவலகம் பின்வாங்கிற்று. தட்டில் இருக்கும் பண்டம் தன் பெயரையும் உடன் கொண்டு வருமாயின், அதனை விருந்தாளியாக ஏற்றுக்கொள்வதே பெருந்தன்மை. இட்டலிக்கும் சாம்பாருக்கும் வடநாட்டு உணவுச்சாலைகள் வேறு பெயர் தேடவில்லை அன்றோ!

வென்ற சொற்களுக்குப் பிரான்ஸிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, தன் புதிய கணக்கிடும் இயந்திரத்துக்குப் பெயர் வேண்டிற்று. ழாக் பெரே என்னும் லத்தீன் மொழிப் பேராசிரியர், ஒழுங்குபடுத்துவது என்னும் பொருள் தரும் 'ஓர்தினாத்தேர்' என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைத்தார். உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனுக்கு அடையாக வழங்கிவந்த சொல் அது. இன்று பிரெஞ்சு பேசுவோர் யாவரும் கணிப்பொறியை அப்பெயராலேயே அழைக்கின்றனர். பொருள் கைக்கு வந்தபோதே சொல்லும் உடன் வந்தது. ஆங்கிலப் பெயர் வேரூன்ற நேரமே இருக்கவில்லை. பத்தாண்டு கழித்து வந்திருந்தால் அச்சொல்லின் கதி வேறாகியிருக்கலாம்.

வானொலி நேயர்களுக்கு உரிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. கனடாவில் வானிலை அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, உடனுக்குடன் பிரெஞ்சில் பெயர்க்கப்பட வேண்டியிருந்தன. மேகமூட்டம், மழை, காற்று என்று நாள்தோறும் அதே சில தொடர்கள். மொழிபெயர்ப்பாளர் சலித்துப்போய் வேறு வேலை தேடிச் சென்றனர். ஆகவே மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்த 'மெத்தெயோ' என்னும் கணிப்பொறி ஏற்பாடு 1977 முதல் 2001 வரை அப்பணியைச் செய்தது. வரம்புக்குட்பட்ட தொடர்களை இயந்திரம் செம்மையாகப் பெயர்க்கும் என்பதற்கு அது பழைய சான்று. ஆனால் இயந்திரம் பெயர்க்க வேண்டிய சொல்லை அதற்கு முன்னரே யாரோ படைத்திருக்க வேண்டும். கனடாவின் பிரெஞ்சு வானிலை அறிக்கையில், காற்றில் பறக்கும் பனிக்கு வழங்கும் சொல் எது தெரியுமா? முந்நூறாண்டுக்கு முன் வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் தம் வாசலில் நின்று சொல்லிப் பழகிய அதே 'பூத்ரரி'. அடுக்களையில் பிறந்த சொல் அரசாங்கத்தின் அறிக்கையில் இடம்பெற்றுவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? அரசாங்கச் சொல்லுக்கும் அடுக்களைச் சொல்லுக்கும் பகை இல்லை. ஒன்று மற்றொன்றைத் தேடிச் செல்ல வேண்டும். அலுவலகம் சொல்லை ஆக்கலாம். அதற்கு உயிர் தருவது புழக்கமே. சென்னைப் பத்திரிகையில் 'மிதிவண்டி' அச்சாகிறது. தெருவில் 'சைக்கிள்' ஓடுகிறது. 'வானொலி' என்ற சொல்லோ ஏட்டிலும் பேச்சிலும் இடம்பெற்றுவிட்டது. எந்தச் சொல் நிலைக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால் வாயில் வராத சொல் நிலைக்காது என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

தில்லியிலும், கல்கத்தாவிலும், பம்பாயிலும், இன்னும் பல நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்களில், குழந்தைகள் உலகத்தின் பெரும்பகுதியை வேற்று மொழியிலேயே முதன்முதல் சந்திக்கின்றனர். பள்ளி, விளையாட்டு, கடைத்தெரு எல்லாம் வேறு மொழி. அதில் தவறு ஒன்றுமில்லை. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமையும் ஆகும். ஆயினும் லோவெல் நகரத்து ஆலைத் தொழிலாளரின் அனுபவம் நம் நெஞ்சில் நிற்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தமிழ் வகுப்பும், ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழாவும் நல்லவையே. அவை மட்டும் போதா. காய்கறி வாங்கும்போதும், கணக்குப் பார்க்கும்போதும், சன்னலைப் பழுது பார்க்கும்போதும், மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும்போதும் பிள்ளைகளோடு தமிழில் பேசுவோமாக. அச்சிறு வேலைகளுக்கிடையே அவர்கள் காதில் விழும் சொற்களே, பின்னாளில் அவர்கள் தம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய சொற்கள்.